வணங்காதவன் வடித்த முகம்

சிலை வைப்பதில் நம்மவர்க்கு உள்ள ஆர்வம் ஊரறிந்தது. பிறந்த மண்ணை விட்டுப் பணி நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய பின்னும் அவ்வார்வம் நம்மை விட்டு நீங்கவில்லை. எங்கே பத்துத் தமிழ்க் குடும்பங்கள் கூடினாலும் அங்கே ஒரு சங்கம் தோன்றுகிறது. சங்கம் தோன்றிச் சில ஆண்டுகளில் ஒரு மன்றம் எழுகிறது. மன்றம் எழுந்ததும் அதன் முகப்பில் சான்றோர் ஒருவரின் மார்பளவுச் சிலை வேண்டும் என்ற தீர்மானம் கைதட்டலுடன் நிறைவேறுகிறது. இதனைக் குறை கூறுவதற்காக நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. மறவாமை நன்று, மறவாமைக்கு ஓர் உருவம் தருவது அதனினும் நன்று. நாம் கேட்க விரும்புவது ஒரே ஒரு கேள்வி. அந்தச் சிலையில் அந்தச் சான்றோர் இருக்கிறாரா?

பெரும்பாலும் இல்லை என்பதே நேர்மையான விடை. சிலைக்கென அமையும் குழுவில் எவை விவாதிக்கப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்ப்போம். உயரம் எத்தனை அடி? பீடம் பளிங்கா, கருங்கல்லா? திறந்து வைக்கப் போகிறவர் யார்? கல்வெட்டில் எவர் பெயர் முன்னே, எவர் பெயர் பின்னே? இவற்றுக்கெல்லாம் நள்ளிரவு வரை நேரம் உண்டு. முகத்தைப் பற்றிப் பேச மட்டும் நேரம் இல்லை. நாட்காட்டியில் வந்த படமோ அஞ்சல்தலையில் வந்த படமோ பட்டறைக்கு அனுப்பப்படுகிறது. அங்கே ஏற்கெனவே ஒரு முகம் ஆயத்தமாக இருக்கிறது. மீசை வைத்தால் அது ஒருவர். தலைப்பாகை கட்டினால் மற்றொருவர். மூக்குக்கண்ணாடி மாட்டினால் இன்னொருவர். இறுதியில் பொன்வண்ணம் பூசி மாலை அணிவித்து விட்டால் எல்லோரும் ஒருவரே. பீடத்தில் உள்ள பெயர்ப்பலகை இல்லையேல் இன்னார் என்று அறிய வழியில்லை.

இதற்கு இணையான இன்னொரு நோயும் நம்மிடம் உண்டு. ஒருவரைப் பற்றிப் பேசவும் எழுதவும் உருவம் சமைக்கவும் அவருடைய கொள்கையை ஏற்றவருக்கே உரிமை உண்டு என்று நாம் கருதுகிறோம். சமயத் தலைவரைப் பற்றிச் சமயம் கடந்தவர் வாய் திறத்தலாகாது. பகுத்தறிவுத் தலைவரைப் பற்றிக் கோயிலுக்குச் செல்பவர் பேசலாகாது. "அவன் நம் ஆளா?" என்பது முதற்கேள்வி, "அவனுக்குத் தொழில் தெரியுமா?" என்பது கடைசிக் கேள்வி. முகமில்லாச் சிலையும் முகம் பார்க்க விடாத இந்த வழக்கமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது நம் கருத்து. அதனை நிறுவ நாம் எடுத்துக்கொள்ளும் சான்று இத்தாலி நாட்டைச் சேர்ந்தது. நமக்குள் எழும் இந்த வழக்கு அங்கே மிகக் கூர்மையான வடிவில் எழுந்தது. தீர்ப்பு வெண்கலத்திலேயே எழுதப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான போப்பாண்டவர் 23ஆம் ஜான் அவர்களின் தலையை ஜாக்கொமோ மன்சூ என்னும் சிற்பி வடித்த வரலாறே அது.

ஓர் ஊர், இரு மைந்தர்

வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தை ஒட்டியது பெர்கமோ நகரம். அதன் அருகே சோத்தோ இல் மோந்தே என்னும் சிற்றூரில் 1881ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், பிறர் நிலத்தை உழுது வாழ்ந்த வேளாண் குடும்பம் ஒன்றில் ஆஞ்செலோ ரொங்கல்லி பிறந்தார். குருவாகி, திருச்சபையின் தூதராகப் பல நாடுகளில் பணியாற்றி, வெனிஸ் நகரின் மறைமுதல்வராகி, 1958ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 23ஆம் ஜான் என்னும் பெயர் பூண்டவர் அவரே.

அதே பெர்கமோவில் 1908ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பிறந்தவர் மன்சூ. தந்தை செருப்புத் தைப்பவர். தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றி மணியடித்துப் பணிவிடை புரிந்தவரும் ஆவார். வீட்டில் குழந்தைகள் பலர், வறுமையும் மிகுதி. சிறுவயதிலேயே மரம் செதுக்குவோரிடமும் பொன்முலாம் பூசுவோரிடமும் சுண்ணச்சாந்து வேலை செய்வோரிடமும் கைத்தொழில் பயின்றார். கலைக்கல்லூரியின் வழியே வளர்ந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. இடைக்காலத்து வெண்கலக் கதவுகளும், 15ஆம் நூற்றாண்டின் தோனத்தெல்லோவும், ஒளி படிந்து கரைவது போன்ற முகங்களை வடித்த மெதார்தோ ரோசோவுமே அவருக்கு ஆசிரியர்கள். 1948ஆம் ஆண்டில் வெனிஸ் கலைக்காட்சியில் இத்தாலியச் சிற்பத்திற்கான பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது.

தேவாலயத்தின் நிழலில் வளர்ந்த அச்சிறுவன் பெரியவனான பின் தேவாலயத்தை விட்டு விலகினான். மன்சூ இடதுசாரிச் சார்புடையவர். பின்னாளில் சோவியத் நாடு வழங்கிய லெனின் அமைதிப் பரிசையும் பெற்றவர். 1939ஆம் ஆண்டு முதல் அவர் ஏசுவின் சிலுவை மரணத்தைத் தொடர்ச்சியான வெண்கலப் புடைப்புச் சிற்பங்களாகச் செய்தார். அவற்றுள் ஒன்றில் கொலையாளி ஜெர்மானியத் தலைக்கவசம் அணிந்து தொந்தியுடன் நிற்கிறான். இத்தாலியில் முசோலினியும் ஐரோப்பாவில் இட்லரும் ஆண்ட காலம் அது. பாசிசத்தாருக்கும் சினம், திருச்சபையாருக்கும் சினம். பிற்பாடு 1949ஆம் ஆண்டில் பொதுவுடைமைக் கட்சியாரைத் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என வத்திக்கான் ஆணை பிறப்பித்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இரு தரப்பும் எவ்வளவு தொலைவில் நின்றன என்பது அதனால் விளங்கும்.

இத்தகைய ஒருவர் போப்பாண்டவரின் உருவத்தை வடிக்க நேர்ந்தது. நம் சங்கங்களின் செயற்குழுவில் இப்படி ஒரு முன்மொழிவு வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று சற்றே கற்பனை செய்து பார்க்கலாம். முதல் கூட்டத்திலேயே மூவர் வெளிநடப்புச் செய்திருப்பர். நான்காமவர் துண்டறிக்கை அச்சிடச் சென்றிருப்பார்.

துணிக்குள் மறைந்த முகம்

மன்சூவின் புகழ் பரவியது அவர் வடித்த கார்டினல்களால். 1934ஆம் ஆண்டில் உரோமைப் பேராலயத்தில் போப்பாண்டவரின் இருபுறமும் அமர்ந்திருந்த கார்டினல்களைக் கண்ட காட்சி அவர் மனத்தில் பதிந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அமர்ந்த கார்டினல், நின்ற கார்டினல் என எண்ணற்ற உருவங்களை வடித்தார். உயர்ந்த தலையணி, தோளிலிருந்து அடிவரை கூம்பு போல் சரியும் மேலங்கி, அதன் மடிப்புகள் நெடுங்கோடுகளாய் இறங்கும், அத்தனை பெரிய துணிக்கூம்பின் உச்சியில் ஒரு சிறிய முகம். பக்தியினால் அவர் அவற்றைச் செய்யவில்லை. உருவத்தின் வடிவழகே தம்மை ஈர்த்தது என்று அவரே கூறியதுண்டு. அவர் கண்ணுக்குக் கார்டினல் என்பவர், மேசை மேல் வைத்த பழத்தையோ பானையையோ போன்றதொரு திரளுருவம்.

அந்தக் கார்டினல்களை நாம் குறைவாக மதிப்பிடவில்லை. இருபதாம் நூற்றாண்டுச் சிற்பக்கலையில் அவை உயர்ந்த இடம் பெற்றவை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பதவி இருக்கிறது; ஆள் இல்லை. அங்கி இருக்கிறது; அங்கிக்குள் மூச்சு விடும் மனிதன் இல்லை. மன்சூ அதை அறிந்தே செய்தார். அமைப்பு ஒன்றின் கனத்தையும் மௌனத்தையும் காட்டுவது அவர் நோக்கம். அதில் அவர் வெற்றி பெற்றார். நம் முகப்புச் சிலைகளைச் செய்வோரோ அறியாமலே அதே வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் வடிப்பதும் பதவியைத்தான். வேறுபாடு என்னவெனில், மன்சூ பதவியை வடித்து அதற்குப் பதவியின் பெயரையே இட்டார். நாம் பதவியை வடித்து அதற்கு ஒரு மனிதரின் பெயரை இடுகிறோம்.

அமர்ந்தவரும் நின்றவரும்

பேராலயமாகிய புனித பேதுருவின் கோயிலுக்கு ஒரு வெண்கலக் கதவு செய்யும் பொறுப்பு, போட்டி ஒன்றின் பின்னர் 1950களின் தொடக்கத்தில் மன்சூவுக்குக் கிடைத்திருந்தது. புனிதர், வேதசாட்சிகள் ஆகியோரின் பெருமையைக் காட்டுவது என்பது அதற்குக் குறிக்கப்பட்ட பொருள். மன்சூவின் கை அதில் ஓடவில்லை, ஆண்டுகள் உருண்டன. அவருக்கும் வத்திக்கானுக்கும் இடையே பாலமாக அமைந்தவர் ஜுசெப்பே தே லூக்கா என்னும் குருவானவர்; நூலறிவு மிக்கவர், மன்சூவின் நெருங்கிய நண்பர். புதிய போப்பாண்டவர் பெர்கமோ மண்ணின் மைந்தர் என்பதும் ஒரு நல்வாய்ப்பாக அமைந்தது. போப்பாண்டவரின் தலையை வடிக்க மன்சூ அழைக்கப்பட்டார். 1960ஆம் ஆண்டு தொடங்கி, கோடிக்கணக்கானோர் வணங்கும் ஒருவர் தம்மை வணங்காத ஒருவரின் முன் பலமுறை அமர்ந்தார்.

இக்காட்சியை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. உருவம் வடிக்க அமர்வது என்பது புகைப்படத்திற்கு நிற்பது போன்றதன்று. புகைப்படத்திற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்கு முகத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம். சிற்பியின் முன்னே மணிக்கணக்கில் அமர்ந்தால் எந்த முகமூடியும் நழுவிவிடும். களைப்பு வெளிப்படும், முதுமை வெளிப்படும், நினைவு எங்கோ செல்வது வெளிப்படும். ஒருவர் தம்மை அவ்வாறு காண விடுகிறார் என்றால், காண்பவரின் கொள்கையை அவர் கேட்கவில்லை, கண்ணை நம்புகிறார் என்று பொருள்.

மன்சூவும் அந்த நம்பிக்கைக்குத் தக நடந்தார். எப்படி? எளிதில் மனநிறைவு கொள்ளாமல். ஒரு தலையைச் செய்து கொடுத்துவிட்டுப் பொருளும் புகழும் பெற்றுக்கொண்டு அவர் போயிருக்கலாம். போப்பாண்டவரின் சிலை என்றால் எவரும் ஏற்றிருப்பர். அவரோ ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகள் செய்தார். தமக்கு ஒவ்வாதவற்றைத் தம் கையாலேயே அழித்தார். 1963ஆம் ஆண்டைச் சேர்ந்த வெண்கல உருவமே உலகம் அறிந்தது. உடைத்த களிமண்ணும் அவ்வுருவத்தின் ஒரு பகுதியே என்போம் நாம். உடைக்கத் துணியாதவன் வடிக்கத் தகுதியற்றவன். நம் சிலைகளின் வரலாற்றில், "இது அவர் அல்லர், திரும்பச் செய்கிறேன்" என்று சொன்ன சிற்பியையும் "திரும்பச் செய்யுங்கள், காத்திருக்கிறோம்" என்று சொன்ன குழுவையும் தேடிப் பார்க்கிறோம். அரிதினும் அரிது.

பருத்த உடல், தடித்த மூக்கு, அகன்ற காதுகள், தொங்கும் தாடை: இவையே ரொங்கல்லியின் உருவ அடையாளங்கள். அழகர் என்று எவரும் சொல்லார். அவற்றை மெருகிட்டு மறைக்க வேண்டும் என்று மன்சூ எண்ணவில்லை. குடியானவர் வீட்டு முதியவர் ஒருவரின் முகமாகவே அதை வைத்தார். தலைமுறை தலைமுறையாய் உழுதவர்களின் எலும்பு அந்த முகத்தில் இருக்கிறது. அந்த எலும்பின் மேல் கனிவு படிந்திருக்கிறது. கார்டினல்களின் முகம் துணிக்குள் ஒடுங்கியது. இங்கே முகம் துணியை வென்று வெளியே வந்தது. முப்பது ஆண்டுகளாய் அங்கிகளை வடித்த கை இறுதியில் ஒரு மனிதரை வடித்தது. அதற்கு அந்தக் கைக்கு நம்பிக்கை தேவைப்படவில்லை, கவனம் தேவைப்பட்டது.

அச்சும் உருவமும்

"உள்ளது உள்ளபடி இருந்தால் போதும்; படத்தைப் பார்த்து அப்படியே செய்தால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு மன்சூவின் வாழ்விலேயே விடை கிடைக்கிறது.

1963ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் போப்பாண்டவர் வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தார். மறைந்தவரின் முகத்தை அச்செடுக்க மன்சூவே அழைக்கப்பட்டார். உயிர் நீங்கிய அந்த முகத்தின் மேல் சாந்து பூசி அச்செடுத்தார். வலக்கையையும் அவ்வாறே எடுத்தார். அதே ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாளிட்டு வெளிவந்த 'பூவுலகில் அமைதி' என்னும் சுற்றுமடல், கிறித்தவர்க்கு மட்டுமன்றி நல்லெண்ணம் கொண்ட மாந்தர் அனைவர்க்கும் எழுதப்பட்டது. அதில் ஒப்பமிட்ட கை அது.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்து எண்ணுவோம். அச்சில் பொய் கிடையாது. ஒவ்வொரு சுருக்கமும் ஒவ்வொரு பள்ளமும் நூலிழை பிசகாமல் பதிந்திருக்கும். உள்ளது உள்ளபடி இருப்பதே சிலையின் இலக்கணம் என்றால் உலகின் தலைசிறந்த சிலை பிணத்தின் முக அச்சாகத்தான் இருக்க முடியும்! அந்த அச்சையும் மன்சூதான் எடுத்தார். அந்தத் தலையையும் மன்சூதான் வடித்தார். ஒரே மனிதரின் ஒரே முகம். ஒரே கை செய்த இரு பொருள்கள். அச்சு அவர் இறந்ததைச் சொல்கிறது. தலை அவர் வாழ்ந்ததைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தின் பெயர்தான் கலை. படத்தைப் பார்த்து அப்படியே செய்யச் சொல்பவர்கள் நம் சான்றோர்க்கு நாமறிந்தே ஒரு பிண முகத்தைக் கேட்கிறார்கள்.

செய்முறையும் இவ்வுண்மைக்குத் துணை நிற்கிறது. சிற்பி களிமண்ணில் வடிக்கிறார். அதிலிருந்து சாந்து அச்சு, அச்சிலிருந்து மெழுகு, மெழுகைச் சுற்றித் தீக்குத் தாங்கும் மண், சூளையில் மெழுகு உருகி ஓட, அந்த வெற்றிடத்தில் செம்பும் வெள்ளீயமும் கலந்த உருகிய வெண்கலம் பாய்கிறது. மெழுகு இழந்த இடத்தை உலோகம் பெறுகிறது. இடையில் எத்தனை நிலைகள் இருந்தாலும், களிமண்ணில் பதிந்த விரலின் தடம் வெண்கலத்தில் வந்து நிற்கும். எங்கே சிற்பி தயங்கினாரோ அங்கே தயக்கமும் நிற்கும். எங்கே பார்க்காமல் தடவினாரோ அங்கே பாராமையும் நிற்கும். வெண்கலம் எதையும் மன்னிக்காது. நாம் பூசும் பொன்வண்ணம், மன்னிக்காத அந்த உலோகத்தின் வாயை அடைக்கும் முயற்சியே.

மூன்று மறுப்புகள்

நம் கருத்தை மறுப்போர் மூன்று வகையினர்.

முதலாமவர் கேட்பது: "பக்தி இல்லாதவன் எப்படி உள்ளத்தை அறிவான்?" கேள்வி எளியதன்று, ஆகவே நேராகவே விடை கூறுவோம். பக்தன் தன் தலைவரைப் பார்க்கும்போது கண்ணைத் தாழ்த்துகிறான். அது பக்திக்கு அழகு. ஆனால் தாழ்த்திய கண் முகத்தைக் காணாது. அவன் உள்ளத்தில் முன்பே ஓர் உருவம் இருக்கிறது. அதையே அவன் வடிக்கிறான். எதிராளியோ வெறுப்பினால் காண்கிறான். அவன் வடிப்பது கேலிச்சித்திரம். இருவர்க்கும் இடையே மூன்றாம் ஒருவன் இருக்கிறான். அவன் ஏற்கவும் இல்லை, இகழவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கிறான். பார்த்துப் பார்த்து ஒரு நாள் நேசிக்கத் தொடங்குகிறான். மன்சூவுக்கு நேர்ந்தது அதுவே. அவர் மதம் மாறவில்லை; போப்பாண்டவர் பொதுவுடைமையர் ஆகவில்லை. ஆயினும் இருவர்க்கும் இடையே ஒரு நட்பு வளர்ந்தது. அந்த நட்பின் பயனாக, முடங்கிக் கிடந்த பேராலயக் கதவுக்கும் வழி பிறந்தது. புனிதர் பெருமை என்ற பழைய பொருள் கைவிடப்பட்டு, மரணம் என்னும் பொருள் ஏற்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் திறக்கப்பட்ட அந்த 'மரணக் கதவு' நண்பர் தே லூக்காவின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதில் போப்பாண்டவரின் இறுதி வேண்டுதலும் ஒரு காட்சி. உட்புறத்தில், ஆப்பிரிக்கர்களில் முதல் கார்டினலான ருகம்ப்வாவை அவர் வரவேற்கும் காட்சி உண்டு. 2014ஆம் ஆண்டில் திருச்சபை 23ஆம் ஜானைப் புனிதராக அறிவித்தது. புனிதரின் முகத்தைத் திருச்சபை தன் அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றுகிறது. அதை வடித்தவர் நம்பிக்கையாளரா என்று அங்கே எவரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இரண்டாமவர் கேட்பது: "உலகமே வியக்கும் வெண்கல மரபு நமக்கு இருக்கிறது. சோழர் காலத்துத் திருமேனிகளைப் படைத்த இனம் இத்தாலியனிடம் பாடம் கேட்க வேண்டுமா?" அந்தப் பெருமிதம் நமக்கும் உண்டு. மெழுகு வார்ப்பு நமக்குப் புதிதன்று. சுவாமிமலையில் இன்றும் நடக்கிறது. அங்கே தலைவர் உருவங்களைப் பெரும்பாலும் உள்ளீடு நிறைந்த கனவார்ப்பாகச் செய்வதில்லை எனினும், தெய்வத் திருமேனிக்கு மெழுகிலேயே நேரே வடித்துக் கனமாக வார்ப்பது மரபு. அச்சை உடைத்தே உருவை எடுப்பதால் ஒவ்வொன்றும் ஒன்றே. ஆனால் அந்த மரபு தெய்வத்திற்காக வகுக்கப்பட்டது. தியான சுலோகம் உருவைச் சொல்லும். தால அளவு உறுப்புகளைச் சொல்லும். உத்தம தசதாலத்தில் அமைந்த நடராசரின் முகம் எந்த மனிதனின் முகமும் அன்று. அதுவே அதன் பேரழகு. தெய்வத்தின் முன் அமர்ந்து உருவெடுக்க முடியாது. ஆகவே கணக்கு வேண்டும். மனிதனின் முன் அமர முடியும். ஆகவே கண் வேண்டும். நாம் செய்யும் பிழை எது? கடவுளுக்கு வகுத்த கணக்கின் நிழலால் மனிதனை வார்க்கிறோம். அவர் கடவுளாகவும் இல்லை; மனிதராகவும் இல்லை.

அந்த மரபும் உண்மைக்கு அஞ்சியதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரைக்கால் அம்மையாரின் சோழர் காலத்து வெண்கல உருவம் ஒன்று அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்து நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வற்றிய மார்பு, துருத்திய எலும்பு, கையில் தாளம். அழகைத் துறந்து பேயுரு வேண்டிய அடியாரை, அவ்வாறே வடிக்கத் துணிந்த கை நம் முன்னோரின் கை. அம்மையார்க்கு மெருகிட்டு இளமை பூச அவர்கள் முற்படவில்லை. அந்தத் துணிவு நமக்கு எங்கே போயிற்று? மன்சூவிடம் நாம் கேட்பது புதிய பாடம் அன்று, மறந்த பாடம்.

மூன்றாமவர் நடைமுறை பேசுபவர்: "காலமான சான்றோர் எப்படிச் சிற்பியின் முன் அமர்வார்? பொருளுக்கு எங்கே போவது? விழா நாள் குறித்தாகிவிட்டதே!" நியாயமான இடர்ப்பாடுகளே. இறந்தவர் அமர முடியாது. ஆனால் அவரை அறிந்தவர்கள் அமர்ந்து பேச முடியும். ஒரு படத்திற்குப் பதில் இருபது படங்கள், இளமையிலும் முதுமையிலும் எடுத்தவை, சிற்பியின் கைக்குச் செல்ல முடியும். அவர் எழுதியதைச் சிற்பி படிக்க, அவர் குரலின் பதிவு இருப்பின் கேட்க, நாம் ஏற்பாடு செய்ய முடியும். பொருள் குறைவெனில் உயரத்தைக் குறைப்போம். பத்தடிப் பொய்யை விட ஒரு சாண் உண்மை மேல். நாள் போதாதெனில் நாளைத் தள்ளி வைப்போம். விழா ஒரு மாலையில் முடிந்துவிடும்; சிலையோ நம் பேரப்பிள்ளைகளின் முன்னும் நிற்கப் போகிறது.

பிள்ளைகளுக்கு எதைத் தருகிறோம்?

பேரப்பிள்ளைகள் என்றோம். இந்த வழக்கின் உண்மையான வாதிகள் அவர்களே. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்குச் சான்றோரை அறிய நூறு வழிகள் உண்டு: தெருப்பெயர், பள்ளிப்பாடம், மேடைப்பேச்சு, பாட்டியின் நினைவு. வடபுலத்திலும் பிற மாநிலங்களிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைக்கு அவை இல்லை. வீட்டுக்கு வெளியே அது கேட்பது வேறு மொழி. பள்ளியில் படிப்பது வேறு வரலாறு. சங்கத்தின் முகப்பில் நிற்கும் அந்தத் தலை ஒன்றே அதற்கும் நம் சான்றோர்க்கும் நேர்முகம். "இவர் யார்?" என்று பிள்ளை கேட்கிறது. நாம் பெயர்ப்பலகையைக் காட்டுகிறோம். அந்த எழுத்தைப் படிக்கவும் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. முகம் பேச வேண்டிய இடம் அது, முகமோ ஊமை. பொன்வண்ணம் பூசிய அந்த ஊமையைப் பார்த்துப் பிள்ளை என்ன கற்கிறது? பெரியோர் என்போர் மாலை சுமக்கும் மனிதர்; அவர்கள் சிரித்ததில்லை, சினந்ததில்லை, களைத்ததில்லை; அவர்களைப் போல் ஆவது நமக்கு இயலாது என்பதையே கற்கிறது. வணங்கிவிட்டு விளையாடப் போகிறது. அது பிள்ளையின் குற்றமன்று.

பெர்கமோவின் குடியானவர் வீட்டில் பிறந்து உலகின் உயர்ந்த இருக்கைகளில் ஒன்றில் அமர்ந்தவரின் தலையை, அவர் சமயத்தை அறியாத எந்த நாட்டுப் பிள்ளை பார்த்தாலும் ஒன்றை உணரும்: இங்கே ஒருவர் இருந்தார், முதியவர், நல்லவர், களைத்தவர். அதற்குப் பெயர்ப்பலகை வேண்டியதில்லை. பெயரைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளும். கேட்கத் தூண்டுவதே சிலையின் தொழில்.

ஆகவே சங்கங்களின் பொறுப்பில் உள்ளோரை நோக்கி நாம் வேண்டுவது இது. அடுத்த சிலைக்கான தீர்மானத்தை எழுதும்போது, உயரத்தை எழுதும் வரிக்கு மேலே வேறு மூன்று வரிகள் எழுதுங்கள். சிற்பியின் கட்சியும் சமயமும் கேட்கப்பட மாட்டா. சிற்பிக்குத் தம் வேலையைத் தாமே உடைக்கும் உரிமை உண்டு. அவரை அறிந்தவர் எவரேனும் ஒருவர் உருவத்தின் முன் நின்று "ஆம், இவர்தான்" என்று சொல்லும் வரை திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கப்பட மாட்டாது. இம்மூன்றையும் ஏற்க மனமில்லையெனில் சிலை வேண்டாம். அந்தப் பொருளில் நூல்கள் வாங்கிப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். நூலுக்கேனும் முகம் உண்டு.

மாலைகளை நாம் எதிர்க்கவில்லை. மாலைக்கு அடியில் ஒரு மனிதர் இருக்கட்டும் என்றே கேட்கிறோம்.